அறிவியலும் கலையும் ஒரே மேசையில்: பள்ளி மாணவர்களுக்கு அருங்காட்சியகச் செய்முறைப் பட்டறை அமைக்கும் வழி

அருங்காட்சியகத்துக்கு வரும் மாணவர்களுக்கு அறிவியலையும் கலையையும் சேர்த்து ஒரு பட்டறை நடத்துவதென்று முடிவானதும் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். ஒருவர் அரைமணி நேரம் ஒளியைப் பற்றியோ உலோகத்தைப் பற்றியோ படங்களைக் காட்டி விளக்குவார். அதன்பின் தாளும் வண்ணமும் கொடுத்து, கேட்டதைப் படமாக வரையச் சொல்வார்கள். குழந்தைகள் வரைவார்கள், மகிழ்ச்சியாகவே வீடு திரும்புவார்கள். ஆனால் அந்தப் படத்தை விளக்கம் கேட்காமலேயே அவர்கள் வரைந்திருக்க முடியும்; அந்த விளக்கத்துக்கும் படம் தேவைப்படவில்லை. பல ஆண்டுகள் இத்தகைய பட்டறைகளை நடத்திய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: அறிவியலும் கலையும் கலக்கும் இடம் மாணவரின் கையில் இருக்கும் பொருள். அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ளாமல் நினைத்த படத்தைக் கொண்டுவர முடியாது என்ற நிலைமையை நாம் அமைத்துக் கொடுத்தால் போதும். அறிவியலைத் தேடி அவர்களே வருவார்கள்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1609ஆம் ஆண்டின் கோடையில் இங்கிலாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து, அதன் ஒளிப்பகுதியும் இருட்பகுதியும் சந்திக்கும் எல்லையை நெளிநெளியான ஒரு கோடாக வரைந்துவைத்தார். சில மாதங்கள் கழித்து அதே நிலவைப் பார்த்த கலிலியோ, ஒளியும் நிழலும் ஒரு பரப்பின் மேடுபள்ளத்தை எப்படிக் காட்டும் என்பதை ஓவியப் பயிற்சியால் அறிந்திருந்தவர். அந்தக் கோட்டின் நெளிவிலும் இருளுக்குள் தனித்து ஒளிர்ந்த புள்ளிகளிலும் அவர் மலைகளைக் கண்டார். வரையத் தெரிந்த கை, கண்ணுக்கு எதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தது. பட்டறையில் நாம் உண்டாக்க விரும்புவதும் இப்படிப்பட்ட ஒரு கணத்தைத்தான்.

ஒரே ஒரு காட்சிப்பொருளும் ஒரு கேள்வியும்

பட்டறைக்கு முதலில் தலைப்பு வைக்காதீர்கள். ‘ஒளி’, ‘நிறம்’, ‘ஒலி’ என்று தொடங்கினால், பாடநூலில் அந்தப் பாடம் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில்தான் உங்கள் திட்டமும் அமையும். காட்சிக்கூடத்துக்குச் சென்று, இருபது மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கக்கூடிய ஒரு காட்சிப்பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதன் முன்னால் பத்து நிமிடமாவது நின்று, மனத்தில் எழும் கேள்விகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றை அடித்துவிடுங்கள்.

எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக இருக்கும் ஒரு பழைய பொறியியல் வரைபடம், அதாவது ‘ப்ளூ பிரிண்ட்’, உங்கள் அருங்காட்சியகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘இது எப்போது வரையப்பட்டது?’ என்ற கேள்வி அருகிலுள்ள குறிப்பட்டையைப் படித்ததும் முடிந்துவிடும். ‘இது ஏன் நீலமாக இருக்கிறது?’ என்பது நல்ல கேள்விதான். ஆனால் பதிலை நாம் சொல்ல, அவர்கள் கேட்டுக்கொள்ளும்படி ஆகிவிடும். ‘இந்த வெள்ளைக் கோட்டை யார், எதைக் கொண்டு வரைந்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள். சுண்ணம், வெள்ளை மை, மெல்லிய தூரிகை என்று பலரும் பலவாறு சொல்வார்கள். யாருமே வெள்ளையால் வரையவில்லை, ஒளி படாமல் போன இடம்தான் அங்கே வெள்ளையாக நிற்கிறது என்பதை அவர்கள் தம் கையால் செய்துதான் கண்டறிய முடியும். அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கிடைத்ததும், செய்யப்போகும் வேலையை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். திட்டத்திலிருந்து அறிவியல் பகுதியை நீக்கிவிட்டால் கலைப்பகுதி குறையில்லாமல் நடக்குமா? கலைப்பகுதியை நீக்கினால் அறிவியல் பகுதி குறையில்லாமல் நடக்குமா? இரண்டில் எதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் திட்டத்தை மறுபடி எழுதுங்கள். எரிமலை மாதிரி செய்து அதற்கு வண்ணம் பூசும் வேலை இந்தச் சோதனையில் தேறாது. மண்ணைச் சூடாக்கி நிறம் மாற்றி, அந்த நிறத்தாலேயே வரையும் வேலை தேறும்.

காட்சிக்கூடத்தில் முதல் இருபது நிமிடம்

மாணவர்களை நேராகப் பட்டறை அறைக்கு அழைத்துச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் காட்சிப்பொருளைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பள்ளிக்கூடத்திலேயே செய்துவிடலாம். அதற்கு அருங்காட்சியகம் எதற்கு? ஆகவே முதல் இருபது நிமிடத்தைக் காட்சிக்கூடத்திலேயே செலவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைப்பலகை, ஒரு தாள், ஒரு பென்சில் போதும். பேனா வேண்டாம், மை தெறித்தால் அது காட்சிப்பொருளிலிருந்து எளிதில் போகாது என்ற காரணத்தையும் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்த விதியைக் குழந்தைகள் மற்றவர்களுக்கும் சேர்த்துக் காப்பாற்றுவார்கள்.

விளக்கம் சொல்வதற்கு முன்பே வரையச் சொல்லுங்கள், முழுப்பொருளை அல்ல, உள்ளங்கை அளவுள்ள ஒரு பகுதியை மட்டும். ஐந்து நிமிடம் பேச்சு கூடாது. பிறகு ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டு, பதில் வந்ததும் ‘எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று தொடர்ந்து கேளுங்கள். ‘பழையது’ என்று ஒரு மாணவி சொன்னால், எதை வைத்து என்று கேட்கும்போது அவர் மடிப்பில் நிறம் வெளுத்திருப்பதைக் காட்டுவார். ஊகத்துக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாடு அங்கே பிறக்கிறது. நடத்துபவர் தம் அறிவைக் காட்டாமல் அடக்கிக்கொள்ள வேண்டிய நேரம் இது. எனக்கு இன்றும் கடினமாக இருப்பது இந்தப் பகுதிதான்.

‘இந்தக் கூடம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?’ என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாள், துணி, நீர்வண்ண ஓவியம் போன்ற ஒளியால் எளிதில் பாதிக்கப்படும் பொருள்களுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவும், எண்ணெய் ஓவியங்களுக்கு ஏறத்தாழ 200 லக்ஸ் அளவும் அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்புகள். உச்சிவெயிலில் அதே அளவு 1,00,000 லக்ஸ் வரை போகும். ஒளிமானி ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, கூடத்திலும் வாசலிலும் அளக்கச் சொல்லுங்கள். ஒளி பொருளை மாற்றும் என்ற எண்ணம் அந்த இரண்டு எண்களிலேயே மனத்தில் பதிந்துவிடும். அடுத்து வரும் வேலைக்கு இதைவிடச் சிறந்த முன்னுரை வேண்டியதில்லை.

முழுமையாக ஒரு பட்டறை: சூரிய ஒளியில் நீல அச்சு

பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சயனோடைப் எனப்படும் நீல அச்சு முறையை. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் இதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட அன்னா அட்கின்ஸ், கடற்பாசிகளைத் தாளின்மீது வைத்து வெயிலில் அச்செடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலாக அது கருதப்படுகிறது. பெயர்களைக்கூட அவர் கையால் எழுதி இதே முறையில் அச்செடுத்தார். பிற்காலத்தில் பொறியாளர்கள் வரைபடங்களைப் படியெடுக்கப் பயன்படுத்தியதும் இதே வேதிவினைதான்.

தேவைப்படும் வேதிப்பொருள்கள் இரண்டு. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லிலிட்டர் நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லிலிட்டர் நீரிலும் கரைத்து, தனித்தனிப் பழுப்புநிறக் குப்பிகளில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் நாளில் மட்டும் இரண்டையும் சம அளவில் கலக்க வேண்டும்; கலந்தபின் அது நீண்ட நேரம் தாங்காது. பொடியைக் கையாளுவதும் கரைப்பதும் பெரியவர்களின் வேலை. கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடு சாதாரணமாகக் கையாளும்போது அதிக நச்சுத்தன்மை கொண்டதல்ல, ஆனால் வலுவான அமிலத்தோடு சேர்ந்தாலோ கடுமையாகச் சூடானாலோ நச்சு வாயுவை வெளியிடும். ஆகவே அந்த அறையில் அமிலமோ அடுப்போ இருக்கக் கூடாது. அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிய தாளுக்கு இரண்டு மில்லிலிட்டர் கலவை தாராளமாகப் போதும் என்பதால், ஒரு வகுப்புக்கு ஆகும் செலவு நினைப்பதைவிடக் குறைவு.

நீர்வண்ண ஓவியத்துக்கான தடித்த தாளில் அகலமான மென்தூரிகையால் கலவையை மெல்லியதாகப் பூசி, இருட்டில் உலர விடுங்கள். உலர்ந்த தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். ஒருமுறை, பூசிய தாள்களை உலர்த்துவதற்காக நானே ஒரு சன்னலோரத்தில் அடுக்கி, திரையை இழுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விட்டேன். திரையில் கையகல இடைவெளி இருந்திருக்கிறது. மாணவர்கள் வந்து எடுத்தபோது ஒவ்வொரு தாளிலும் குறுக்கே ஒரு சாம்பல்நீலப் பட்டை விழுந்திருந்தது. அந்தப் பட்டை ஏன் சாய்வாக இருக்கிறது, ஒரு முனையில் ஏன் அடர்ந்திருக்கிறது என்று மாணவர்கள் விவாதிக்கத் தொடங்கி, சூரியன் நகர்ந்த திசையைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பட்டறை தப்பியது என்றாலும், அன்றிலிருந்து ஒளிபுகாத உறையில் வைத்த மாற்றுத் தாள்கள் ஒரு கட்டு எப்போதும் தனியாக இருக்கும். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். இலையையும் பூவையும் உடனே தாளில் அடுக்கி வெயிலில் வைக்கச் சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. அழகான அச்சு கிடைக்கும். ஆனால் மாணவருக்குத் தெரிவு என்று எதுவும் இல்லை. அதற்குமுன் ஒவ்வொரு குழுவும் ஒரு சோதனைப் பட்டை செய்ய வேண்டும். விரற்கடை அகலமுள்ள பூசிய தாளை ஓர் அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைச் சற்றே விலக்கிக்கொண்டு போனால், கழுவிய பின் ஒரே பட்டையில் வெளிர்நீலம் முதல் கருநீலம் வரை ஐந்தாறு படிகள் கிடைக்கும். அறிவியல் ஆசிரியருக்கு அது நேரத்துக்கும் வினைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அளவுகோல். ஓவிய ஆசிரியருக்கு அது நிறச்சாயல் அடுக்கு. மாணவர் கையில் இருப்பது ஒரே தாள். இரண்டு பாடங்களும் பிரியாமல் நிற்கும் இடம் என்று நான் சொன்னது இதைத்தான்.

பட்டையைப் பார்த்தபிறகு ஒவ்வொருவரும் தம் படத்தைத் திட்டமிட வேண்டும். எந்தப் பகுதி முழு வெள்ளையாக இருக்க வேண்டும், எது இடைநீலமாக வேண்டும், அதற்கு ஒளியை எப்படிப் பாதியளவு மறைப்பது? தடித்த இலை ஒளியை முழுதாக மறைக்கும். பூவிதழ் ஓரளவு விடும். மெல்லிய தாளை ஒன்று, இரண்டு, மூன்று மடிப்பாக வைத்தால் மூன்று சாயல்கள் கிடைக்கும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டில் வெயில் தடுப்புக் களிம்பைத் தூரிகையால் தீட்டி அதைத் தாளின்மேல் வைத்தால், கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத அந்தத் தீட்டல் அச்சில் வெண்மையாக வரும். இந்த வினையைத் தூண்டுவது பெரும்பாலும் புற ஊதாக் கதிர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது.

பொருள்களை அடுக்கியபின் மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து இறுக்குங்கள். விளிம்புகளை ஒட்டுநாடாவால் மூடிய கண்ணாடியாக இருக்கட்டும். நல்ல வெயிலில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் போதும், மேகமூட்டத்தில் இருமடங்கோ அதற்கு மேலோ ஆகும். மஞ்சள்பச்சை முதலில் நீலமாகி, பிறகு வெண்கலச் சாயலுள்ள சாம்பலாக மாறும். அந்தச் சாம்பல் வந்ததும் எடுத்து, தண்ணீரில் மஞ்சள் முழுதாகப் போகும்வரை ஐந்து நிமிடமாவது கழுவ வேண்டும்.

தண்ணீர்த் தட்டைச் சுற்றி மாணவர்களை நிறுத்துங்கள். ஒரு மாணவன் பெரணி இலை ஒன்றை வைத்திருந்தான். தாள் தண்ணீரில் இறங்கியதும் மஞ்சள் புகைபோலக் கரைந்து நகர, அதன் அடியிலிருந்து இலையின் ஒருபாதி கத்தியால் நறுக்கியதுபோல் கூர்மையாகவும், மறுபாதி நீருக்கடியில் பார்ப்பதுபோல் மங்கலாகவும் எழுந்து வந்தது. கெட்டுவிட்டது என்று அவன் முகம் வாடிவிட்டது. இலையை மீண்டும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். மங்கிய பக்கத்தில் தண்டு தடித்திருந்ததால் இலை தாளிலிருந்து சற்று மேலே நின்றிருக்கிறது. அந்த இடைவெளியில் ஒளி பக்கவாட்டில் நுழைந்திருக்கிறது. அதை அவனே சொன்னான். அடுத்த தாளில் வேண்டுமென்றே இலையின் நுனியை மட்டும் தூக்கி வைத்து, அருகில் இருப்பது தெளிவாகவும் தொலைவில் இருப்பது மங்கலாகவும் தோன்றும் ஒரு காட்டை அமைத்தான். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். முதல் தாளில் நடந்ததைத் தெரிந்தே பயன்படுத்த இரண்டாவது தாள் வேண்டும்; ஒரே தாள் கொடுத்தால் பிழை, பிழையாகவே வீட்டுக்குப் போகும்.

விளக்கத்தை இப்போது சொல்லுங்கள், அதற்குமுன் வேண்டாம். ஒளி பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாக ஒடுக்கமடைகிறது. அது ஃபெரிசயனைடுடன் சேர்ந்து பிரஷ்யன் நீலம் என்ற, நீரில் கரையாத நிறமியாகிறது. ஒளி படாத இடத்திலுள்ள வேதிப்பொருள்கள் கரையும் தன்மையுடனேயே இருப்பதால் நீரோடு போய்விடுகின்றன. உலர உலரக் காற்றிலுள்ள ஆக்சிஜனால் நீலம் மேலும் ஆழமாகும். ஒரு நாள் பொறுக்க முடியாதவர்களுக்கு, மிகவும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு தாளை நனைத்துக் காட்டினால் சில நொடிகளில் அந்த மாற்றம் தெரியும். பிறகு அவர்களைக் காட்சிக்கூடத்துக்கே மீண்டும் அழைத்துச் சென்று, வரைபடத்தின் முன் நிறுத்தி, வெள்ளைக் கோட்டைப் பற்றிய கேள்வியை மறுபடி கேளுங்கள். திரும்பிச் செல்லும் இந்தப் பத்து நிமிடத்தை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

மண்ணிலிருந்து நிறம்

வெயிலை நம்ப முடியாத நாள்களுக்கும், ஓவியங்களோ பானைகளோ அதிகமுள்ள அருங்காட்சியகங்களுக்கும் நிறமிப் பட்டறை பொருந்தும். காவிமண் மனிதர் பயன்படுத்திய மிகப் பழைய நிறமிகளில் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, காவிக் கலவை வைத்திருந்த சிப்பி ஓடுகள் அரைக்கும் கற்களுடன் கிடைத்துள்ளன. இந்தச் செய்தியை மாணவர்கள் அரைக்கும் கல்லைக் கையில் பிடித்திருக்கும் நேரத்தில் சொன்னால், அதன் எடை வேறாக இருக்கும்.

மஞ்சள் காவியில் நிறம் தருவது கோதைட் என்ற, தன் அமைப்பிலேயே நீர்க்கூறு கொண்ட இரும்புக் கனிமம். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அந்த நீர் வெளியேறி அது ஹேமடைட் ஆகிறது, அதாவது செங்காவி. பெரியவர் ஒருவர் காற்றோட்டமான இடத்தில் உலோகத் தகட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள் காவியைச் சூடாக்க, மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மஞ்சள் ஆரஞ்சாகவும் பின் சிவப்பாகவும் நகர்வது கண்ணெதிரே தெரியும். வெவ்வேறு நேரத்தில் எடுத்த மண்ணை வரிசையாக வைத்தால், ஒரே மண்ணிலிருந்து நான்கைந்து நிறங்கள் கிடைத்துவிடும். அன்றைய ஓவியத்துக்கு அந்த நிறங்கள் மட்டுமே என்று விதி வைத்துவிடுங்கள்.

அரைக்கும்போது சில துளி நீர் சேர்த்தே அரைக்க வேண்டும்; உலர்ந்த தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. பழைய ஓவியங்களில் ஈயவெள்ளை, பாதரசம் கொண்ட சிவப்பு, ஆர்சனிக் கொண்ட மஞ்சள் ஆகியவை இருந்தன என்பதைக் கதையாகச் சொல்லலாம், பட்டறைக்குள் அவற்றின் ஒரு துகள்கூட வரக் கூடாது.

இந்தப் பட்டறையின் உயிர் நிறமியில் இல்லை, நிறமியைத் தாளோடு ஒட்டவைக்கும் பிணைப்பியில் இருக்கிறது. ஒரே செங்காவியை நீரில் மட்டும் குழைத்து ஒரு கட்டத்திலும், பிசின் கரைசலில் குழைத்து இரண்டாவது கட்டத்திலும், முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்து மூன்றாவது கட்டத்திலும் பூசி உலரவிடச் சொல்லுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் மூன்றாவதை விட்டுவிடுங்கள். உலர்ந்தபின் விரலால் தேய்த்தால் முதல் கட்டம் கையோடு வந்துவிடும். ஈரத்தூரிகையால் தடவினால் இரண்டாவது மறுபடி கரையும். மூன்றாவது அசையாது, ஏனென்றால் கருவிலுள்ள புரதமும் கொழுப்பும் உலர்ந்து படலமாக இறுகிவிட்டன. அடுத்தடுத்துப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற விரும்பும் மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார், பூசியதைப் பின்னர் திருத்த விரும்புபவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேளுங்கள். பழைய ஓவியர் ஒருவர் ஏன் அந்தப் பிணைப்பியை எடுத்தார் என்பது அப்போது அவர்களுக்குச் சொந்தக் கேள்வியாகிவிடும்.

வேதிப்பொருளே வேண்டாத ஒரு வழி

சிறு குழந்தைகளுக்கும், ஈரவேலைக்கு இடமில்லாத கட்டடங்களுக்கும் வண்ணத்தாளும் கத்தரிக்கோலுமே போதும். பாரிசின் கோப்ளான் திரைச்சீலை நெசவகத்தில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல், கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. வேதியியலில் தேடப் போனவர் பார்வையில் விடை கண்டு, 1839இல் நிறங்களின் வேறுபாட்டு விதியை நூலாக வெளியிட்டார். ஒரே சாம்பல் தாளிலிருந்து வெட்டிய சதுரங்களைச் சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு ஆகிய தாள்களின் நடுவில் ஒட்டச் சொல்லுங்கள். நான்கும் வேறுவேறு சாம்பல் என்று சத்தியம் செய்வார்கள். பிறகு வேலை தலைகீழாகும்: இரண்டு வேறுவேறு சாம்பல்கள் ஒன்றுபோலத் தெரியும்படி பின்னணிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும், துணிகளும் திரைச்சீலைகளும் உள்ள கூடத்துக்கு மிகவும் ஏற்றது. நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ள மாணவர்கள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் இருக்கக்கூடும். ஆகவே தாள்களின் பின்புறம் நிறப்பெயரை எழுதிவைத்து, யாரையும் முன்னே அழைத்து நிறம் கேட்காதீர்கள். வெளிச்ச-இருட்டு வேறுபாட்டை அவர்கள் மற்றவர்களைவிடக் கூர்ந்து சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆள், நேரம், இடம்

ஒரு பட்டறைக்கு இருபது பேர், கூடினால் இருபத்தைந்து. ஆறேழு மாணவருக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு வேண்டும். உடன் வரும் ஆசிரியரை அந்தக் கணக்கில் சேர்த்தால், அவருக்கு முந்தைய வாரமே வேலையைச் செய்துபார்க்க வாய்ப்புக் கொடுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம் இருந்தால், கூடத்தில் இருபது, சோதனைப் பட்டையில் இருபத்தைந்து, படம் செய்வதில் நாற்பது, திரும்பப் பார்ப்பதில் பத்து போக மிச்சமிருப்பது கைகழுவுவதற்கும் நடப்பதற்குமே சரியாக இருக்கும். நேரம் குறைந்தால் விளக்கத்தைச் சுருக்குங்கள், சோதனைப் பட்டையைச் சுருக்காதீர்கள்.

இலை, பூ, மரப்பட்டை போன்றவை வெளியிலிருந்து வருவதானால், காட்சிப்பொருள்களைப் பேணிக் காக்கும் பிரிவினரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். அவற்றோடு பூச்சிகள் வந்து, துணியையும் தாளையும் தின்னத் தொடங்கினால் அந்த இழப்பை ஈடுசெய்யவே முடியாது. சேகரிப்புகளிலிருந்து விலகிய தனி அறையில் வேலையை வைத்துக்கொள்வதும், மிச்சத்தை அன்றே கட்டடத்துக்கு வெளியே அகற்றுவதும் நல்லது. தொட்டுப் பார்க்கக் கொடுக்கும் உலோகப் பொருள்கள் நகல்களாகவோ அதற்கென ஒதுக்கப்பட்டவையாகவோ இருக்கட்டும்; விரலின் வியர்வையிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால்தான் காப்பாளர்கள் கையுறை அணிகிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லலாம். மெருகேற்றிய ஒரு செம்புத் தகட்டில் மாணவர்கள் விரலைப் பதித்துவிட்டுச் சென்று, அந்தத் தடங்கள் கருத்ததைப் படமாக எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினால், இந்த ஒரு விதியை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

முடிந்தபின் கையில் எடுத்துச் செல்வது

ஒவ்வொரு படைப்புக்கும் அருங்காட்சியகத்தில் உள்ளதைப் போன்ற ஒரு குறிப்பட்டையை மாணவரே எழுத வேண்டும். படைப்பின் பெயர், செய்தவர், நாள், பொருள்கள், செய்முறை ஆகியவற்றோடு, நான் சேர்க்கச் சொல்வது ஒரு வரி: ‘இதில் நான் எதிர்பார்க்காமல் நடந்தது.’ ‘ஒளி ஏழு நிமிடம், தண்ணீர் ஐந்து நிமிடம், தண்டு தடித்திருந்ததால் இலையின் இடப்பக்கம் மங்கியது, இரண்டாம் தாளில் அதை வேண்டுமென்றே செய்தேன்’ என்று எழுதப்பட்ட அட்டை, பட்டறை நடந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்லிவிடும். ‘மிகவும் அருமையாக இருந்தது’ என்ற கருத்துப் படிவங்கள் எத்தனை வந்தாலும் அதைச் சொல்லாது.

அச்சுகளைச் சோப்பால் கழுவவோ காரத்தன்மை உள்ள பசையால் ஒட்டவோ வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். காரம் பிரஷ்யன் நீலத்தை அழித்துவிடும். ஆசிரியரிடம் மட்டும் தனியாக ஓர் அச்சைக் கொடுத்து, அதன் பாதியை ஒளிபுகா அட்டையால் மூடி வகுப்பறைச் சன்னலில் சில வாரம் தொங்கவிடச் சொல்லுங்கள். மூடாத பாதி வெளுத்திருக்கும். அட்டையை எடுத்துவிட்டு அந்தத் தாளை இருண்ட அலமாரிக்குள் வைத்து, சில நாள் கழித்து மாணவர்களே கதவைத் திறந்து பார்க்கட்டும். வெளுத்துப்போன நீலம் காற்றிலுள்ள ஆக்சிஜனால் பெருமளவு திரும்பி வந்திருக்கும். அது ஏன் என்று கேட்டு அவர்கள் எழுதும் கடிதத்துக்குக் காட்சிக்கூடத்திலிருந்து பதில் எழுத ஒருவரைப் பொறுப்பாக வைத்துவிடுங்கள்.